டயலின் அடியில் ஒரு பொடி எண்

பழைய பிரிட்டிஷ் கார் ஸ்பீடோமீட்டர் கைக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது குரோம் வளையத்துக்கும் கண்ணாடிக்கும்தான். பார்க்க வேண்டிய இடம் டயலின் அடி விளிம்பு. ஸ்மித்ஸ் நிறுவன மீட்டர் என்றால் அங்கே பொடி எழுத்தில் இரண்டு விஷயங்கள் அச்சிட்டிருக்கும்: ‘எஸ்.என்.’ என்று தொடங்கும் மாடல் குறியீடு ஒன்று, 1280 அல்லது 1600 போல ஒரு தனி எண் ஒன்று. (ஜாகுவார், எம்.ஜி. கார்களின் டயலில் ‘ஜேகர்’ என்று இருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஸ்மித்ஸ் சரக்குதான்.) அந்தத் தனி எண் காருக்குப் பொருந்தாவிட்டால் எவ்வளவு பளபளப்பாகப் புதுப்பித்தாலும் மீட்டர் பொய்தான் சொல்லும்.

கார் ஒரு மைல் ஓடும்போது மீட்டர் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே அந்த எண். கிலோமீட்டர் டயலில் அது ஒரு கிலோமீட்டருக்கான கணக்கு. கேபிள் கியர்பாக்ஸின் பின்பக்கத் தண்டிலிருந்து ஓட்டம் எடுக்கிறது. அதனால் பின் ஆக்சிலின் பல் விகிதத்தை மாற்றினாலும் வேறு அளவு டயர் போட்டாலும் கணக்கு மாறிவிடும். 1280 சுற்று தரும் காரில் 1600 மீட்டரை மாட்டினால், வண்டி 60 மைல் வேகத்தில் போகும்போது முள் 48-ல் நிற்கும்.

காரின் உண்மையான எண்ணைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மீட்டரின் பின்னாலிருந்து கேபிளைக் கழற்றி, இன்னரின் (கேபிள் உறைக்குள் சுற்றும் கம்பி) சதுர முனையில் அட்டையில் வெட்டிய அம்பு ஒன்றைச் செருகுங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். கியரை நியூட்ரலில் வைத்து, தரையில் குறித்த 16.09 மீட்டர் தூரத்துக்கு வண்டியை நேராகத் தள்ளச் சொல்லி அம்பு சுற்றுவதை எண்ணுங்கள். அது ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு. 12.8 சுற்று வந்தால் எண் 1280. கிலோமீட்டர் கணக்குக்குப் பத்து மீட்டர் தள்ளினால் போதும். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்க்காதீர்கள். இரு பின் சக்கரங்களுக்கும் ஓட்டத்தைப் பங்கிடும் டிஃபரென்ஷியல் காரணமாகக் கணக்கு பாதியாகிவிடும்.

இனி உள்ளே. முள் வழுக்கிக்கொண்டு நகராமல் தட்டுத் தட்டாகத் தாவினால் அது குரோனோமெட்ரிக் வகை. கடிகாரத்தில் இருப்பது போல ஓட்டத்தைத் தட்டுத் தட்டாக விடும் எஸ்கேப்மென்ட் அமைப்பை வைத்து, சம இடைவெளிகளில் சுற்றுகளை அளந்து காட்டுவது அது. போருக்கு முந்தைய எம்.ஜி.களிலும் வின்சென்ட் போன்ற மோட்டார் சைக்கிள்களிலும் இருக்கும். அதைக் கடிகார வேலை தெரியாதவர் திறக்கக் கூடாது.

மற்றது காந்த வகை. ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-ல் காப்புரிமை பெற்ற தத்துவம். கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. அதைத் தொடாமல் மிக நெருக்கமாக ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றச் சுற்றக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து கிண்ணத்தைக் கூடவே இழுக்கும்; வேகம் இரட்டித்தால் இழுப்பும் இரட்டிக்கும். மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் அதை எதிர்த்து நிற்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. வெயிலில் அலுமினியத்தின் மின்தடை கூடி இழுப்பு குறையும் அல்லவா? அதை ஈடுகட்டக் காந்தத்தின் மேல் நிக்கல்-இரும்புக் கலவைத் தகடு ஒன்று இருக்கும். தேவையில்லாத துண்டு என்று நினைத்து அதைக் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு.

பிரிப்பதற்கு முன் டயலைப் பாருங்கள். எண்களில் பழுப்பேறிய பச்சை-மஞ்சள் பூச்சு தடிப்பாக இருந்தால் கதிரியக்கமுள்ள ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிராததால் செத்துவிட்டது என்று நம்ப வேண்டாம். தேய்ந்துபோனது ஒளிரும் துத்தநாக சல்ஃபைடு. ரேடியத்தின் அரை ஆயுளோ சுமார் 1600 ஆண்டு. அந்தப் பூச்சைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், அப்படிப்பட்ட டயலை நீங்களே திறக்கவும் வேண்டாம்.

வளையத்தைச் சற்றே திருப்பினால் உள்காதுகள் விடுபட்டுக் கழலும். ரப்பர் ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் குரோம் மடங்கிவிடும். டயலின் எழுத்தைக் கரைப்பான் எதுவும் தொடக் கூடாது, மென்மையான உலர்ந்த தூரிகை போதும். முள்ளைக் கழற்றும் முன், அதை நிறுத்தும் ஊசியைத் தாண்டி மெல்லத் தூக்கிவிட்டு, ஸ்பிரிங்கின் இழுப்பில்லாமல் தானாக எங்கே ஓய்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் குறிதான் வழிகாட்டி. அதைத் தவறவிட்டுப் பூஜ்யத்தில் வைத்து அழுத்தினால் எல்லா வேகமும் தப்பாகும்.

சோதனைக்குப் பழைய இன்னரில் பத்து சென்டிமீட்டர் வெட்டி டிரில் மெஷினில் பிடியுங்கள். மெதுவாகச் சுற்றி, முள் ஏறும் திசை எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். டயல் எண் 1600 என்றால் நிமிடத்துக்கு 1600 சுற்றில் முள் 60-ஐக் காட்ட வேண்டும்; 800-ல் 30. பிழையின் ஜாதியைக் கவனியுங்கள். எல்லா வேகத்திலும் ஒரே ஐந்து மைல் குறைந்தால் முள் இருக்கும் இடம் தப்பு. 30-ல் மூன்று, 60-ல் ஆறு என்று வளர்ந்தால் காந்தம் பலம் இழந்திருக்கிறது. முள்ளை நகர்த்தி அதைச் சரிக்கட்ட முடியாது, காந்தத்துக்கு மறுபடி காந்த பலம் ஏற்றித்தான் ஆக வேண்டும். டயலை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்பதையும் இங்கேயே பிடித்துவிடலாம்: கையால் 160 சுற்று சுற்றினால் மைல் எண்ணி சரியாகப் பத்தில் ஒரு மைல் நகர வேண்டும்.

முள் சட்டென்று கடைசி எண்ணுக்குப் பாய்ந்து நின்றால் எண்ணெயோ பிசினான கிரீஸோ கிண்ணத்தையும் காந்தத்தையும் ஒட்டவைத்திருக்கிறது. முள் ஆடினால் மீட்டரைத் திறக்கவே வேண்டாம், பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. இன்னரை உருவித் தரையில் உருட்டுங்கள்; துள்ளினால் வளைந்திருக்கிறது, மாற்றுங்கள். மாட்டும்போது எந்த வளைவும் 15 செ.மீ. ஆரத்துக்குக் குறையக் கூடாது. இன்னர், அவுட்டரை (வெளி உறையை) தாண்டி ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கிரீஸ் மெல்லியதாக, மேல்முனை 20 செ.மீ. நீங்கலாக.

கிரீஸே போடாத கேபிளில் மேலே எண்ணெய் கசிந்தால் கியர்பாக்ஸில் கேபிளைச் சுற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் ஆயில் சீல் போயிருக்கிறது. இன்னரின் முறுக்கு திருகாணிபோல எண்ணெயை மேலேற்றும். புதுப்பித்த மீட்டரை மாட்டும் முன் அந்தச் சீலை மாற்றிவிடுங்கள்.