சர்க்கரைப் பலகை ஓசூரில் ஏன் வளைகிறது?

பிறந்தநாள் கேக்கின் மேல் பிள்ளையின் பெயர் எழுதி நிறுத்தியிருக்கும் சர்க்கரைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். தருமபுரியில் சித்திரை மாதம் செய்தால் ஒரே நாளில் விறைத்துவிடும். அதே மாவை, அதே கனத்தில், ஐப்பசி மழையில் ஓசூரில் தேய்த்து வையுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்தாலும் நடுவில் தொங்கும். செய்தவரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல வேண்டாம், காரணம் காற்றில் இருக்கிறது.

பலகைக்கு அடிப்படை ஃபாண்டன்ட். ஐசிங் சுகர், கொஞ்சம் தண்ணீர், ஜெலட்டின், லிக்விட் குளுக்கோஸ், கிளிசரின் சேர்த்துப் பிசைந்த மாவு. இதில் குளுக்கோஸ் சர்க்கரையை மறுபடி படிகமாக விடாது. கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கேக்கை மூடும்போது இரண்டுமே நல்லது, வெடிக்காமல் இழுபடும். நிமிர்ந்து நிற்க வேண்டிய பலகைக்கோ அந்த ஈரம்தான் இடைஞ்சல்.

அதைச் சமாளிக்கத்தான் சிஎம்சி பவுடர். முழுப்பெயர் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ். செல்லுலோஸ் என்பது பருத்திப் பஞ்சிலும் மரத்திலும் இருக்கும் பொருள். அதன் நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக் கிடப்பதால் தண்ணீரில் கரையாது. ஆலையில் அந்தச் சங்கிலிகளில் கார்பாக்ஸிமெத்தில் தொகுதிகளைச் சேர்க்கிறார்கள். அப்போது அவை எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளும், இடையில் தண்ணீர் நுழைந்துவிடும். கால் கிலோ ஃபாண்டன்டுக்கு ஒரு டீஸ்பூன் போதும். பிசைந்தவுடன் பெரிய வித்தியாசம் தெரியாது. பாலிதீனில் சுற்றி அரை மணி நேரம் விட்டு, அப்புறம் ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள். முதலில் துவண்டு நீண்டுகொண்டே போன மாவு, இப்போது கொஞ்சம் இழுத்ததுமே பட்டென்று அறும். சங்கிலிகள் மாவில் இருந்த தண்ணீரைத் தங்களுக்குள் வாங்கிக்கொண்டு பின்னிவிட்டன. காயக் காய அவை நெருங்கி, சர்க்கரைத் துகள்களைச் சுற்றி வலை போட்டுவிடும்.

சரி, தண்ணீர் எப்படி வெளியே போகும்? இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்டிய பலகையைத் தட்டில் வைத்தால், மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். அடிப்பக்கம் இன்னும் ஈரமாகவே இருக்கும். வெயிலில் வைத்த அப்பளம் ஓரம் தூக்கிக்கொள்வது போல இதுவும் தூக்கிக்கொள்ளும். நான்கைந்து மணி நேரத்தில் திருப்பிப் போட்டால், அடியில் லேசாகக் கறுத்த ஈரத்திட்டு கண்ணுக்கே தெரியும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் தட்டை விட்டுவிட்டு ஸ்பாஞ்ச் ஷீட்டின் மேல் காயவைத்து, அடிக்கடி திருப்புகிறார்கள். அவசரத்துக்கு வெயிலில் வைப்பது வீண் வேலை. மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே இருக்கும் ஈரத்தைச் சிறைபிடிக்கும். போதாததற்கு, ஜெலட்டின் 35 டிகிரி வாக்கில் இளகவும் தொடங்கிவிடும்.

இப்போது ஓசூருக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், தருமபுரியைவிடக் குளிர்ச்சி. 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 40 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். காற்றில் 16 கிராம் நீராவி இருப்பதாக வைத்துக்கொண்டால், தருமபுரி மதியத்தில் ஈரப்பதம் 40 சதவீதம், ஓசூர் இரவில் 90 சதவீதத்துக்கு மேல். காற்றில் இருக்கும் தண்ணீர் ஒன்றேதான். ஆனால் தருமபுரிக் காற்று இன்னும் வாங்கிக்கொள்ளும், ஓசூர்க் காற்றுக்கு இடமில்லை.

சுத்தமான சர்க்கரை சுமார் 85 சதவீத ஈரப்பதம் வரை தாக்குப்பிடிக்கும். மழைக்காலத்திலும் கல்கண்டு பெரும்பாலும் கசியாததற்கு அதுதான் காரணம். வெல்லத்தில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசிந்துவிடும். ஃபாண்டன்ட் பலகை இந்த விஷயத்தில் வெல்லத்தின் கட்சி. ஏசி போட்ட அறையில் வைத்தால் ஓசூரிலும் காயும். ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள நீரையும் வடித்து வெளியே விடுகிறதே.

ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன? கெட்டது! 5 டிகிரியில் இருந்து வெளியே எடுத்த பலகைமேல், நாம் மேலே சொன்ன காற்றிலுள்ள நீராவி உடனே பனித்துளியாகப் படியும். அந்தக் காற்றுக்குப் பனிநிலை, அதாவது நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 19 டிகிரி. விப் கிரீம் கேக்கில் ஈரம் அடியிலிருந்தும் ஏறும். பலகையின் பின்பக்கம் உருக்கிய வெள்ளை சாக்லேட்டை மெல்லிசாகத் தடவினால், அந்தக் கொழுப்புப் படலம் தண்ணீரைத் தடுக்கும். கேக் வெட்டுவதற்குச் சற்று முன்பு குத்தி வைப்பது இன்னும் உத்தமம்.

எழுதுவதற்கு ராயல் ஐசிங், அதாவது முட்டை வெள்ளைக்கருவில் குழைத்த ஐசிங் சுகர். பச்சை முட்டையைவிட வெள்ளைக்கருப் பவுடர் பாதுகாப்பானது. கோனை அழுத்தினால் வழிந்து, அழுத்தத்தை எடுத்ததும் நின்றுவிடும். மிக்ஸியில் அரைத்த சர்க்கரை வேண்டாம், பெரிய துகள் முனையில் அடைத்துக்கொள்ளும். பொன்னிறப் பவுடர் தீட்டுவதாக இருந்தால் தண்ணீரில் குழைக்காதீர்கள், பலகை கரையும். சர்க்கரை ஆல்கஹாலில் கரைவதே அபூர்வம். ஆகவே ஆல்கஹால் உள்ள எசென்ஸ்தான் சரி, லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும்.

வண்ணத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. செயற்கை நிறங்களில் எட்டுக்குத்தான் இந்தியாவில் உணவில் அனுமதி. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்ய வைத்த ரோடமின்-பி அந்த எட்டில் இல்லை. அது துணிச் சாயம். அனுமதி பெற்றவற்றிலும் எரித்ரோசின் என்ற சிவப்பு வெளிச்சம் பட்டால் வெளுக்கும். அதையும் நீலத்தையும் கலந்து வயலட் செய்தால், சிவப்பு போய் நீலம் மட்டும் மிஞ்சும். ஆகவே முன்கூட்டிச் செய்த பலகைகளை அட்டைப் பெட்டியில், இருட்டில் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், முழுக்கக் காயாத பலகை அதற்குள் தன் ஈரத்திலேயே வியர்த்துவிடும்.