பாஸ்வேர்ட் கேட்கிற வைஃபை எல்லாம் நம் வைஃபை இல்லை

கல்லூரி திறந்ததும் அதே கதை இந்த ஆண்டும் ஆரம்பித்துவிட்டது. முதலாமாண்டு மாணவர் ஒருவரின் கல்லூரி மெயிலிலிருந்து ஊர்பட்ட ஸ்பேம். கணக்கை முடக்கிவிட்டு அவருடைய போனை வாங்கிப் பார்த்தால், வைஃபை செட்டிங்கில் ‘சிஏ சர்ட்டிஃபிகேட்’ (நெட்வொர்க் அசல்தானா என்று போன் சரிபார்க்க உதவும் சான்றிதழ்) என்ற இடத்தில் ‘டு நாட் வேலிடேட்’, அதாவது ‘சரிபார்க்காதே’. யார் தம்பி இப்படிப் போடச் சொன்னது? “சீனியர் அனுப்பின ஸ்கிரீன்ஷாட் சார்.” அந்த வழியாகத்தான் பாஸ்வேர்ட் போனது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வழி திறந்து கிடந்தது. ஒரு துறையில் இதே ஸ்கிரீன்ஷாட்டை லேமினேட் செய்து லேப் கதவிலேயே ஒட்டியிருக்கிறார்கள்!

எனக்கு எரிச்சல் வருவது இந்தப் பேச்சைக் கேட்டால்தான்: “பேரும் பாஸ்வேர்டும் கேட்குதே சார், அப்போ சேஃப்தானே?” இல்லை. கேட்பது யார் என்று பார்த்தீர்களா? கேஸ் கம்பெனி சட்டை போட்டு வந்து நிற்கிறார் என்பதற்காக பீரோ சாவியை எடுத்துக் கொடுப்போமா? வைஃபைக்கு எந்தப் பெயரையும் யாரும் வைக்கலாம். ஹாஸ்டல் கேன்டீனில் ஒரு லேப்டாப்பில் நம் கல்லூரி வைஃபையின் பெயரையே வைத்து உட்கார்ந்தால் போதும், சட்டைப் பையில் கிடக்கும் போன்கள் தாமாகவே போய் ஒட்டிக்கொள்ளும். அனுமதி வாங்கி ஒருமுறை செய்து காட்டினேன். யாரும் போனைத் தொடவே இல்லை, ரோல் நம்பர்கள் திரையில் வரிசையாக வந்து விழுந்தன. நீங்கள் யார் என்று நெட்வொர்க்குக்கு நிரூபிக்கும் முன்னால், அது யார் என்று உங்களுக்கு நிரூபிக்க வேண்டும். சர்ட்டிஃபிகேட் அதற்குத்தான். ‘வேலிடேட் செய்யாதே’ என்றால் ‘எவனாக இருந்தாலும் பரவாயில்லை’ என்று போனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

“என் பாஸ்வேர்ட் இருபது எழுத்து” என்பார் அடுத்தவர். பெரும்பாலான கல்லூரிகளில் உள்ளே ஓடுவது எம்எஸ்சாப் வி2 என்ற பழைய பாஸ்வேர்ட் சரிபார்ப்பு முறை. பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்த முறையை உடைப்பது டெஸ் என்ற பழைய குறியாக்கத்தின் 56 பிட் சாவி ஒன்றை உடைக்கும் வேலைதான் என்று 2012 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டிலேயே காட்டிவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டும் எச்சரித்தது. ரோல் நம்பரோடு @123 சேர்த்து வைத்திருப்பவர்களின் பாஸ்வேர்டை உடைக்க அவ்வளவு சிரமமும் தேவையில்லை.

ஆண்ட்ராய்டில் சிஏ இடத்தில் கல்லூரி கொடுத்த சர்ட்டிஃபிகேட்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே ‘டொமைன்’ என்று ஒன்று கேட்கும், அதில் சர்வர் பெயரைச் சரியாகப் போடுங்கள். ‘சிஸ்டம் சர்ட்டிஃபிகேட்’ (போனிலேயே இருப்பவை) போட்டுவிட்டு டொமைனில் கண்டதை எழுதினால் பலனில்லை, தன் சொந்த டொமைனுக்கு முறையான சர்ட்டிஃபிகேட் யாரும் வாங்கலாம். ‘அனானிமஸ் ஐடென்டிட்டி’ (வெளியே காட்டும் பெயர்) காலியாக இருந்தால் உங்கள் ரோல் நம்பர் காற்றில் அப்படியே போகும், அதையும் கல்லூரி சொல்லும் பொதுப் பெயரால் நிரப்புங்கள். ஐபோனில் ‘டிரஸ்ட்’, விண்டோஸில் ‘கனெக்ட்’ என்று கேட்டவுடன் தட்டாதீர்கள், ஒரு நிமிடம் அந்தப் பெயரைப் படியுங்கள். உபுண்டு வைத்திருக்கும் மேதாவிகளே, ‘சிஏ சர்ட்டிஃபிகேட் தேவையில்லை’ என்ற டிக்கை எடுங்கள்.

எடுரோம் (பல நாட்டுக் கல்லூரிகளிலும் ஒரே கணக்கில் இணைய உதவும் வைஃபை) பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் வையுங்கள். மதுரையில் இணைந்தாலும் மியூனிக்கில் இணைந்தாலும் உங்களைச் சரிபார்ப்பது உங்கள் சொந்தக் கல்லூரியின் சர்வர். வேறு பெயரில் சர்ட்டிஃபிகேட் வந்தால் விலகிவிடுங்கள். கையால் நிரப்ப வேண்டிய தொல்லையே வேண்டாமென்றால் கெட்எடுரோம் ஆப் இருக்கிறது. உங்கள் கல்லூரி அதில் விவரம் ஏற்றியிருந்தால் எல்லாவற்றையும் அதுவே சரியாகப் போட்டுவிடும்.

என் சக அட்மின்களிடம் ஒரு கெஞ்சல். 2020 டிசம்பர் அப்டேட்டில் பிக்சல் போன்களில் கூகுள் அந்த ‘டு நாட் வேலிடேட்’டையே தூக்கிவிட்டது. “இந்த போனில் மட்டும் வைஃபை வரலை” என்று டிக்கெட் வந்தால் போனைத் திட்டாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் சிஏவை மாற்றாதீர்கள். வருடா வருடம் புது எச்சரிக்கை வந்தால் பிள்ளைகள் படிக்காமல் தட்டத்தான் பழகுவார்கள். முடிந்தால் இஏபி-டிஎல்எஸ்ஸுக்கு (பாஸ்வேர்டுக்குப் பதில் மாணவர் போனிலும் சர்ட்டிஃபிகேட் வைக்கும் முறை) மாறுங்கள், திருட பாஸ்வேர்டே இருக்காது.

ஏற்கெனவே ‘டு நாட் வேலிடேட்’ போட்டவர்கள் முதலில் வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுங்கள். பிறகு மொபைல் டேட்டாவில் போய் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மெயிலுக்கும் அதே பாஸ்வேர்ட் என்றால் அங்கேயும். அதற்கப்புறம் புதிதாக இணையுங்கள். வரிசையை மாற்றினால் புது பாஸ்வேர்டும் அதே வழியில்தான் போகும்.