ஆன்டிபயாட்டிக் வாங்க டாக்டர் சீட்டு: குமரி மாவட்டத்தார் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

“அண்ணாச்சி, காய்ச்சலுக்கு ஒரு செட்டு தாங்க” என்று கேட்டு பாரசிட்டமால் வாங்கிப் போவதில் தவறில்லை. அந்தச் செட்டுக்குள் அசித்ரோமைசின், அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக் (பாக்டீரியாவைத் தாக்கும் மருந்து) சீட்டில்லாமல் சேர்ந்துவிட்டால் அது விதிமீறல். நாகர்கோவில் கடைக்கும் மலையோரக் குலசேகரம் கடைக்கும் ஒரே விதிதான்.

1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் எச், எச்1 என்று இரண்டு பட்டியல்கள் உண்டு. இரண்டிலும் உள்ளவற்றைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எச்1 பட்டியல் 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்தில் அதிலிருந்த 46 மருந்துகளில் 24 ஆன்டிபயாட்டிக்குகள். செஃபிக்சிம், செஃப்போடாக்சிம், லெவோஃப்ளாக்சசின், ஊசியாகப் போடும் செஃப்ட்ரையாக்சோன் ஆகியவை அவற்றில் சில. டிபி மருந்துகளும் இதே பட்டியலில்தான் வருகின்றன.

எச்1 மருந்து விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும்: மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு. பதிவேடு மூன்றாண்டுகள் கடையில் இருக்க வேண்டும், ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். ஆகவே கடையில் பெயர் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். சீட்டைக் கடையில் ஒப்படைக்க வேண்டியதில்லை. அது உங்களுடையது.

ஓட்டை விழுவது எச் பட்டியலில்தான். அசித்ரோமைசின், அமாக்சிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்றவற்றுக்கு எச்1 பதிவேடு இல்லை என்பதால், சீட்டும் வேண்டாம் என்று கடையிலும் நினைக்கிறார்கள், வாங்குபவரும் நினைக்கிறார். அந்தத் தனிப் பதிவேடு மட்டும்தான் வேண்டாம், சீட்டு கட்டாயம். அட்டையின் பின்பக்கம் பார்த்தால் தெரியும்: எச்1 மருந்தில் ‘ஆர்எக்ஸ்’ (Rx) குறி சிவப்பில் இருக்கும், எச்சரிக்கை வாசகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டமும் உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2016 முதல் பரப்புரை செய்யும் சிவப்பு நெடுங்கோடு வேறு. அது ஆன்டிபயாட்டிக் அல்லாத எச் மருந்து அட்டைகளிலும் இருக்கும்.

சீட்டு என்றால் வெறும் துண்டுத்தாள் அல்ல. மருத்துவரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயரும் முகவரியும், எவ்வளவு மருந்து, எந்த அளவில் என்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆசாரிப்பள்ளம், தக்கலை அரசு மருத்துவமனைகளில் ஓபி (வெளிநோயாளர்) சீட்டு வாங்கினால், மருந்தை வெளியே வாங்கச் சொல்லும்போது முகவரியும் மொத்த எண்ணிக்கையும் விடுபட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அமாக்சிசிலின் 500 மி.கி. தினம் மூன்று வேளை, ஐந்து நாள் என்றால் 15 கேப்சூல். அசித்ரோமைசின் 500 தினம் ஒன்று, மூன்று நாள் என்றால் 3 மாத்திரை. கையில் காசு குறைவு என்று பாதியை மட்டும் வாங்குவதற்கு முன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

திரும்ப வாங்கலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. கொடுத்தவுடன் கடையின் பெயர், முகவரி, தேதியை மருத்துவர் கையெழுத்துக்கு மேலே குறிக்க வேண்டும் என்பது விதி. போன மழைக்கால இருமலுக்கு எழுதிய சீட்டு இந்த வருடம் செல்லாது. “அதே மருந்துதான், வேற கம்பெனி” என்று கடையில் மாற்றித் தரவும் அனுமதி இல்லை. அதனால் பிராண்டுக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரை எழுதச் சொல்லிக் கேளுங்கள். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலோ மக்கள் மருந்தகத்திலோ விலை குறைவாக வாங்கலாம். சீட்டு அங்கும் வேண்டும்.

தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் இருப்பதால் மருந்துப் பெட்டி தேவைதான். ஆனால் ‘படகுக்கு’ என்று ஆன்டிபயாட்டிக் வாங்க முடியாது, சீட்டு ஆள் பெயரில்தான் வரும். பாரசிட்டமால், ஓஆர்எஸ், காயத்துக்கான கிருமிநாசினி ஆகியவற்றைச் சீட்டில்லாமல் வாங்கி வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமா என்பதைப் புறப்படும் முன் மருத்துவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் முதலில் வேண்டியது ஓஆர்எஸ்தான்.

மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பயத்தில் டாக்சிசைக்ளின் கேட்டு வருவார்கள். சேற்றில் வேலை செய்வோருக்குத் தடுப்பாக அதைக் கொடுக்கும் முறை உண்டு, ஆனால் கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் கணக்கு வேறு என்பதால் மருத்துவர் எழுதித்தான் தர வேண்டும். மாத்திரையை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகலாம். டெங்குவோ சாதாரண சளியோ வைரஸால் வருவதால், ஆன்டிபயாட்டிக் அந்த வைரஸை ஒன்றும் செய்யாது.

குழந்தைகளுக்கான, தண்ணீர் சேர்த்துக் கலக்கும் பவுடர் சிரப்பில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. கொதித்து ஆறிய நீரைப் பாட்டிலில் உள்ள குறிக்குக் கீழே வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியபின் குறி வரை நிரப்புங்கள். நுரையைப் பார்த்துக் குறி எட்டிவிட்டது என்று நிறுத்தினால் மருந்து கெட்டியாகி அளவு கூடிவிடும். வீட்டு ஸ்பூன் வேண்டாம், கூட வரும் மூடியால் அளந்து கொடுங்கள். கலக்கிய மருந்தை எத்தனை நாள் வைக்கலாம் என்று பாட்டிலில் போட்டிருக்கும், அதற்குப்பின் மிச்சம் இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

கேரள மருத்துவர் எழுதிய சீட்டு களியக்காவிளையிலும் மார்த்தாண்டத்திலும் செல்லும், இது மத்தியச் சட்டம். 2024 ஜனவரியில் கேரளம் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் கடைச் சோதனைகளைத் தொடங்கியது. அங்கே கெடுபிடி, இங்கே கிடைக்கும் என்று எல்லை தாண்டி வருவதில் அர்த்தமில்லை.

சீட்டில்லாமல் விற்பது தொடர்ந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ விதியில் இடமுண்டு. பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் உள்ள பில்லைச் சேர்த்துக் கொடுங்கள்.