சேர்ந்து வாசித்தீர்கள், சரி. எந்தப் பாட்டு யாருடையது?

போன வாரம் இன்னொரு குடும்பம் வந்தது. இசை உரிமை வழக்குகளைப் பார்க்கிற எனக்கு இந்த வருடம் இது நான்காவது.

அப்பா நாற்பது வருடம் பியானோ வாசித்துப் பாடியவர், தன் பாட்டைத் தானே எழுதியவர். கடைசிக் காலத்தில், தன்னைப் போலவே பியானோ முன் உட்கார்ந்து பாட்டு எழுதும் பழைய நண்பரோடு ஓர் ஆல்பம் செய்தார். அது வெளிவந்த பிறகு இறந்துவிட்டார். இப்போது அதில் ஒரு பாட்டைப் படத்துக்குக் கேட்கிறார்கள். மகள் என் மேசைமேல் வைத்தது சிடி உறையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்தான். "எழுத்துல ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டேன். "அண்ணன் தம்பி மாதிரி சார் ரெண்டு பேரும். எழுத்தெல்லாம் எதுக்குன்னு விட்டுட்டாங்க" என்றார்.

அந்த மெட்டு தன்னுடையது என்று நண்பர் உறுதியாக நம்புகிறார். அப்பா அதை வீட்டில் முணுமுணுத்ததைச் சிறு வயதிலேயே கேட்டதாக மகள் சொல்கிறார். இருவருமே பொய் சொல்பவர்கள் இல்லை. என்னை வாட்டுவது அதுதான்.

இப்படி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தோடு வருகிறார்கள்: "ரெண்டு பேர் சேர்ந்து பண்ணினது, ஆளுக்குப் பாதி." இல்லை. ஆல்பம் என்பது கடையில் விற்கிற ஒரு பொருளின் பெயர். உரிமை ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகப் பிறக்கிறது. அதிலும், எழுதிய பாட்டுக்கு ஓர் உரிமை, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிக்கு வேறோர் உரிமை. உறையில் இரண்டு பெயர் சம அளவில் அச்சாகிவிட்டால் உள்ளே இருப்பதும் சமமாகப் பிரிந்துவிடாது.

பியானோ வாசித்துப் பாடும் இருவர், இங்கிலாந்தின் எல்டன் ஜானும் அமெரிக்காவின் லியான் ரசலும், சேர்ந்து செய்த 'தி யூனியன்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 அக்டோபரில் வந்தது. டி போன் பர்னெட் தயாரித்தார். அமெரிக்காவின் பில்போர்டு ஆல்ப விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது. உறையில் இருவர் பெயரும் இருக்கும். உள்ளே 14 பாட்டுகளின் எழுத்தாளர் பெயர்களைப் படித்துப் பாருங்கள். பல பாட்டுகள் எல்டன் ஜானும் அவருடைய நெடுநாள் பாடலாசிரியர் பெர்னி டாபினும் எழுதியவை. அவற்றில் ரசல் பெயர் இல்லை. சில, ரசல் தனியாக எழுதியவை. அவற்றில் எல்டன் பெயர் இல்லை. ஒன்று ரசலும் டாபினும் சேர்ந்து எழுதியது. இன்னொன்றில் எல்டன், ரசல், பர்னெட் ஆகியோரோடு நான்காவதாக ஜேம்ஸ் ஷா என்பவர் பெயர் இருக்கிறது. அந்தப் பாட்டு அவர் 1960களில் எழுதிய பழைய பாட்டின்மேல் கட்டப்பட்டது, அதனால் அவருக்கும் பங்கு. பாடகர் நீல் யங் ஒரு பாட்டில் வந்து பாடுகிறார். அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது, ஆனாலும் எழுதியவர் பட்டியலில் அவர் இல்லை. பாடுவது வேறு, எழுதுவது வேறு.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, ரசல் எல்டனுக்கு நன்றி சொல்லி எழுதியது. 1970இல் எல்டன் அண்ணாந்து பார்த்த மனிதர் ரசல். பிறகு கிட்டத்தட்ட மறக்கப்பட்டிருந்தார். எல்டன் தேடிப் போய் அழைத்து வந்தார். அந்த நன்றிப் பாட்டிலும் எழுதியவர் பெயர் ரசல் ஒருவர்தான். அன்புக்கும் கணக்குக்கும் அங்கே சண்டையே இல்லை.

ரசல் 2016 நவம்பரில் காலமானார். அமெரிக்கச் சட்டத்தின் பொது விதிப்படி, இந்த ஆல்பத்துக்காக அவர் தனியாக எழுதிய பாட்டுகளுக்கான உரிமை, இறந்த பிறகு 70 வருடம், அதாவது 2086 முடியும் வரை இருக்கும். இன்னொருவரோடு கூட்டாக எழுதியதற்கு, கடைசியாக உயிரோடு இருக்கும் எழுத்தாளர் இறந்த பிறகுதான் அந்த 70 வருடக் கணக்கே தொடங்கும். யார் எதை எழுதினார் என்ற ஒற்றை வரி, பேரப்பிள்ளைகள் காலம் வரை பேசும்.

எழுதி வைக்காவிட்டால்? அதே அமெரிக்காவில், கூட்டாக எழுதிய பாட்டு என்று ஆகிவிட்டால், எதிராக ஒப்பந்தம் இல்லாதவரை தலைக்குச் சம பங்கு. ஒருவர் முழு மெட்டையும் போட்டு இன்னொருவர் நான்கு வரி சேர்த்திருந்தாலும் அப்படித்தான். ஒருவருக்கு மட்டும் என்று இல்லாமல் பலருக்கும் தரக்கூடிய அனுமதியை, எழுதியவர்களில் ஒருவர் மற்றவரைக் கேட்காமலேயே கொடுக்கலாம், வரும்படியில் பங்கு கொடுத்தால் போதும். விளம்பரத்தில் தன் பாட்டைக் கேட்டுத் துடித்துப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதியவர்கள் ஓரளவு உஷாராக இருக்கிறார்கள். மூத்தவர்களிடம்தான் எனக்கு மல்லுக்கட்டு. ஒருவர் மற்றவருக்கு முன்னோடியாக இருப்பார். ஒருவருக்குப் பணமும் பெயரும் அதிகம் இருக்கும். காசுப் பேச்சை எடுத்தால் மரியாதைக் குறைவு என்று இருவருமே வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு பியானோ எதிரெதிரே இருக்கும்போது எந்தக் கையில் மெட்டு பிறந்தது என்பது மறுவாரமே மறந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் பாட்டு முடிந்த அன்றே, ஸ்டூடியோவை விட்டுக் கிளம்புமுன், ஒரு தாள் எடுங்கள். எங்கள் தொழிலில் ஸ்ப்ளிட் ஷீட் என்போம். பாட்டின் பெயர், தேதி, வரி யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை சதவீதம். கூட்டினால் 100 வர வேண்டும். 110 வந்த தாளையும் பார்த்துவிட்டேன். மேடைப் பெயர் போதாது, சட்டப்படியான பெயரையும் எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளை ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பாட்டுக்குப் பத்துத் தாள், ஆல்பத்துக்கு ஒன்று என்று சுருக்காதீர்கள். மாஸ்டர், அதாவது பதிவு செய்த மூல ஒலி, யாருடையது, ஸ்டூடியோ செலவு யார் கொடுத்தது என்பதற்கு வேறு தாள். படத்துக்கோ விளம்பரத்துக்கோ கேட்டால் யார் சம்மதம் வேண்டும் என்று அதிலேயே ஒரு வரி. போனில் பதிந்த முதல் டெமோவை அழிக்காதீர்கள், தேதியோடு வையுங்கள்.

ஏற்கெனவே ஆல்பம் வந்துவிட்டதா? இப்போதும் எழுதலாம். தயவுசெய்து இன்று மாலையே உங்களோடு ஆல்பம் செய்தவரைக் கூப்பிடுங்கள். இருவருக்கும் நினைவு நன்றாக இருக்கும்போதே, பாட்டு ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டுக்கொண்டே எழுதி முடியுங்கள். முடித்ததும் அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.