சர்க்கரையை மணலாக்கும் இலை

சிறுகுறிஞ்சான் இலை இரண்டை நன்றாக மென்று, வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போட்டால் இனிப்பே தெரியாது. மணலை மெல்வது போல நறநறவென்று இருக்கும். சாக்லேட் என்றால் கோகோவின் கசப்பும் வழவழப்பும் மட்டும் மிஞ்சும். உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்தில் நாக்கு பழைய நிலைக்கு வந்துவிடும். சர்க்கரைக்கொல்லி என்று இந்தக் கொடிக்குப் பேர் வந்தது சும்மா இல்லை.

இந்த வேலையைச் செய்யும் பொருளுக்கு ஜிம்னெமிக் அமிலம் என்று 1887இல் பெயரிட்டவர் டேவிட் ஹூப்பர் என்ற ஆங்கிலேய வேதியியலாளர். அது ஒரே பொருள் அல்ல, சோப்பு போல நுரைக்கும் சபோனின் வகைச் சேர்மங்களின் கூட்டம் என்பது பிறகு தெரியவந்தது.

நாக்கின் சுவை செல்களில் டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்துதான் இனிப்பை உணர்கின்றன. சர்க்கரை வந்து ஒட்டுவது செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில். ஜிம்னெமிக் அமிலம் அங்கே போட்டிக்குப் போவதில்லை. செல்லின் சவ்வுக்குள் புதைந்திருக்கும் டி1ஆர்3இன் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. அழைப்புமணியின் பொத்தானை அழுத்த முடிகிறது, உள்ளே வயரைப் பிடுங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். சாக்கரின், அஸ்பார்டேம் போன்ற செயற்கை இனிப்புகளும் இதே மணியைத்தான் அடிக்கின்றன. அதனால் அவையும் சப்பென்றாகிவிடும். எலியிடம் இந்த வித்தை பலிக்காது. அதன் டி1ஆர்3 அமைப்பு நம்முடையதைவிடச் சற்று வேறு.

சரி, நாக்கில் இனிப்பு மறைந்தால் ரத்தத்திலும் சர்க்கரை மறையுமா? இந்தத் தாவல்தான் பலரை ஏமாற்றுகிறது. இனிப்புத் தெரியாமல் விழுங்கிய சர்க்கரையும் குடலில் சர்க்கரைதான்.

உடலுக்குள் நடப்பது தனிக் கதை. குடல் வழியாகக் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதை இந்தச் சேர்மங்கள் மட்டுப்படுத்துவதை விலங்குச் சோதனைகள் காட்டின. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது, இலைச் சாறு பட்டதும் இன்சுலின் வெளியேறியது. ஆனால் செல்லின் சவ்வு கசியத் தொடங்கியதால் வெளியே வந்த இன்சுலினும் அதில் சேர்த்தி. கசிவை மருந்தின் வெற்றி என்று எண்ணிவிட முடியாது.

மனிதர்களிடம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 1990இல் வெளியான ஆய்வு. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேர், வழக்கமான மாத்திரையோடு தினமும் 400 மில்லிகிராம் இலைச் சாரத்தை ஒன்றரை ஆண்டுக்கு மேல் எடுத்தார்கள். அவர்களில் 5 பேரால் மாத்திரையை நிறுத்த முடிந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 22 பேர் மிகச் சின்ன எண்ணிக்கை, யாருக்கு எது என்று மறைத்து வைத்து நடத்திய சோதனையும் அல்ல. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் இதையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். கல்லீரல் பாதிப்பும் அரிதாகப் பதிவாகியிருக்கிறது.

ஒரு வேடிக்கை: இந்த இலையை மாத்திரையாக விழுங்குபவருக்கு அந்த மணல் அனுபவம் கிடைக்காது. அது நாக்கில் பட்டால்தான்.