கிணத்துல முங்குனவங்களுக்கு எல்இடி சுலபமா புரியும்

கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி நம்ம பங்காளி கடை, போன வாரம் அங்க ஒரு செத்த எல்இடி பல்பக் கழட்டிட்டு இருந்தோம். மூடிய எடுத்தா ஒரு அலுமினியத் தட்டு, அதுல மஞ்சப் பொட்டு பன்னெண்டு. "ஏனுங்ணா, எல்இடி சூடாகாதுன்னாங்க, தட்டு இப்படிக் கருகிக் கெடக்கு?"ன்னான் கடைப்பையன்.

அவன்கிட்ட கிணத்தச் சொல்லித்தான் ஆரம்பிச்சேன். தோப்புக் கிணத்துல முங்கி, அடியில இருந்து அண்ணாந்து பாத்தா வானம் மொத்தமும் ஒரு வட்டத்துக்குள்ள அடங்கிடும், வட்டத்துக்கு வெளிய தண்ணியோட மேல்மட்டம் கண்ணாடி மாதிரி கிணத்துச் சுவரையே காட்டும். ஏன்னா தண்ணிக்குள்ள இருந்து 48 டிகிரிக்கு மேல சாஞ்சு வர்ற வெளிச்சம் வெளிய போகாது, முட்டித் திரும்பிடும். பத்தாவதுல முழு அக எதிரொளிப்புன்னு மனப்பாடம் பண்ணினமே, அதேதான்.

அந்த மஞ்சப் பொட்டுக்கு அடியில இருக்குற நீல எல்இடி சிப்பு காலியம் நைட்ரைடுங்கற பொருள். தண்ணியோட ஒளிவிலகல் எண், அதாவது வெளிச்சத்த எவ்வளவு வளைக்கும்ங்கற அளவு, 1.33, இதுக்கு கிட்டத்தட்ட 2.4. அதனால வட்டம் 24 டிகிரிக்குச் சுருங்கிடுது, உள்ள நாலாபக்கமும் கெளம்புற வெளிச்சத்துல மேல்பக்கமா நேரா தப்பிக்கிறது 4 சதவீதம்தான். மிச்சம் உள்ளயே முட்டி மோதி கடைசியில சூடாயிடும். கரண்ட்ட வெளிச்சமாக்கிட்டு அத வெளிய விடத் தெரியலன்னா என்னத்துக்கு!

அந்த மஞ்சப் பொட்ட நகத்தால அமுக்கிப் பாருங்க, நுங்கு மாதிரி மெத்துனு இருக்கும். அது சிலிக்கோன் பசை, அதோட ஒளிவிலகல் எண் காத்துக்கும் சிப்புக்கும் நடுவுல நிக்குது, அதுலயே தப்பிக்கிற பங்கு ரெண்டு மடங்குக்கு மேல ஆகும்.

பெரிய வேலை சொரசொரப்புதான். வழவழன்னு இருக்குற சிப்புல வெளிச்சம் கேரம் போர்டு காய் மாதிரி, அதே கோணத்துலயே அடிச்சு அடிச்சுத் திரும்பும், குழியில விழவே விழாது. மேல்பரப்ப ரசாயனத்தால அரிச்சு குட்டிக் குட்டிக் கூம்பாக்கிட்டா ஒவ்வொரு முட்டலுக்கும் கோணம் மாறி, இந்தத் தடவை இல்லன்னா அடுத்த தடவை வெளிய வந்துரும். 2004ல கலிஃபோர்னியா சான்டா பார்பராவுல இப்படிச் செஞ்சு ரெண்டு மூணு மடங்கு வெளிச்சம் எடுத்தாங்க. இப்பல்லாம் சிப்பு வளர்ற நீலக்கல் தட்டுலயே மேடு போட்டுடறாங்க, அடியில வெள்ளி பூசித் திருப்பி விடறதும் உண்டு.

ஆனைமலைக் காட்டுல மொய்க்கிற மின்மினிய நாம வேடிக்கை பாத்ததோட சரி, பனாமா மின்மினி ஒண்ண மைக்ரோஸ்கோப்புல பாத்தவங்க அதோட வயித்துச் செதில் ஓட்டுக்கூரை மாதிரி படிப்படியா தூக்கி நிக்குறதக் கவனிச்சு, அதே வடிவத்த எல்இடி மேல பூசினாங்க, வெளிச்சம் 55 சதவீதம் கூடுச்சு. இது 2013ல.

நல்ல சிப்புல இப்ப 80 சதவீதத்துக்கு மேல வெளிய வந்துருது. "அப்ப இது ஏன் கருகுச்சு?"ன்னு பையன் விடல. மெல்லிசுத் தட்டுடா, அதுல அளவுக்கு மீறி கரண்ட்ட ஏத்திருக்கான்.