மனத்தை அளப்பது எப்படி?

உளவியல் என்றதும் அடுத்தவர் நினைப்பதைக் கண்டுபிடிக்கும் வித்தை என்றோ, மனநோய்க்கான சிகிச்சை மட்டுமே என்றோ பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில், கற்றல், நினைவு, கவனம், உணர்ச்சி என மனத்தில் நடப்பவற்றையும் அவற்றிலிருந்து பிறக்கும் நடத்தையையும் சோதித்து அறியும் அறிவியல் அது. மனத்தை நேரில் பார்க்க வழியில்லை என்பதால், ஒருவர் என்ன செய்கிறார், எவ்வளவு நேரத்தில் செய்கிறார், எங்கே பிழை செய்கிறார் என்பவற்றைக் கொண்டே உள்ளே நடப்பதை ஊகித்தறிய வேண்டியிருக்கிறது. 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் நிறுவிய ஆய்வுக்கூடத்தையே இத்துறையின் முறையான தொடக்கமாகச் சொல்வார்கள்.

மறதியை அளந்து காட்டிய ஹெர்மன் எபிங்ஹாஸின் சோதனை எளிமையானது, ஆனால் அபாரமானது. பழகிய சொற்களோடு பழைய நினைவுகளும் துணைக்கு வந்து கணக்கைக் குழப்பும் என்பதால், பொருளற்ற அசைகளைப் பட்டியலாக்கி, பிழையின்றி ஒப்பிக்கும்வரை தாமே மனப்பாடம் செய்தார். சில காலம் கழித்து அதே பட்டியலை மறுபடியும் மனப்பாடம் செய்ய முன்னைவிட எவ்வளவு நேரம் குறைவாகப் பிடித்தது என்று குறித்துக்கொண்டார்; மிச்சமான அந்த நேரமே மனத்தில் தங்கியிருந்ததன் அளவு. ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது என்றும், அதன்பின் மறதியின் வேகம் தணிந்து, ஒரு மாதம் கழித்தும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எஞ்சுகிறது என்றும் 1885-இல் வெளியான அவரது நூல் காட்டியது.

கற்றலை ஆராய்ந்தவர்களில் இவான் பாவ்லோவை அனைவரும் அறிவர். உணவுக்கு முன் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பிறகு அந்த ஒலிக்கே எச்சில் ஊறியது. நம் அச்சங்களில் சிலவும் இவ்வாறே உருவாகின்றன.

நினைவு ஒரே வகைப்பட்டதன்று என்பதை ஹென்றி மொலைசன் வழியாக உலகம் அறிந்தது. வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த 1953-இல் செய்த அறுவையில் மூளையின் இருபுறமும், நினைவுகளைப் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை இழந்த அவருக்கு, அதன்பின் புதிய நிகழ்வுகள் மனத்தில் தங்கவேயில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தின் மேல் கோடு வரையும்படி உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கேட்டார். இது எவருக்கும் முதலில் கைவராது. நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் அதை முன்பு செய்த நினைவே அவருக்கு இல்லை. நிகழ்வுகளைப் பதிவதும் கைப்பழக்கத்தைப் பதிவதும் மூளையின் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பது இதனால் தெளிவாயிற்று.

தங்கிய நினைவும் மாறாமல் இருப்பதில்லை. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் வாகன விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும், "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் படத்தில் கண்டதாகச் சொன்னவர்கள் இரண்டாம் கேள்வி கேட்கப்பட்டவர்களிடையே இரு மடங்குக்கும் அதிகம். படத்தில் உடைந்த கண்ணாடி எதுவும் இருக்கவில்லை.